சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்கள்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம், மூச்சைக் கவனித்தாலே குடியிலிருந்து விடுதலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்னால் மலை. மலைக்கு முன்னால் கண்ணை மூடிச் சம்மணம் போட்ட ஓர் ஆள். நான் கீரை வாங்கப் போனவள். கீரைக்காரியை நிற்க வைத்துவிட்டு அந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்தேன்.

“இன்னா சிஸ்டர், உங்களப் பத்தி எதனா எழுதிட்டாங்களா?” என்று கேட்டாள் அவள்.

“என்னைப் பத்தி எழுதியிருந்தா விட்டிருப்பேன்மா,” என்றேன்.

அந்த வாரமே ஓர் இளம் நர்ஸ் எனக்கு போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறதாம். “மேடம், மைண்ட்ஃபுல்னெஸ்னு சொல்லித் தராங்க. குடிய விட்டவங்க திரும்பக் குடிக்காம இருக்க நல்லா உதவுதாம். நீங்க எண்பதுலயே இதெல்லாம் செஞ்சீங்கனு சொன்னாங்க. உங்க அனுபவத்தை எழுதித் தர முடியுங்களா?” என்று பணிவாகக் கேட்டாள். நல்ல பெண். எழுதுகிறேன் என்று சொன்னேன். இனிப்பாக எழுத எனக்கு வராது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சைப் பார்க்கும் பயிற்சிக்கு நான் விரோதி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்களை எனக்குத் தெரியும். அதை எப்போது செய்ய வேண்டும், எப்போது செய்யவே கூடாது என்று தெரியாமல் வாய்ஜாலம் காட்டுகிறவர்கள்தான் எனக்கு விரோதி. அவர்களில் ஒருவரால் ஒரு மனிதன் செத்தான். அதற்குப் பெயர் மோட்சம் என்றார்கள். இவ்வளவு வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

என் பெயர் பத்மாவதி. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம், ஜைனக் குடும்பம். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி நர்ஸ் வேலைக்குப் போய்க் கண்டவர்களின் வாந்தியை அள்ளுவதா என்று சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் இப்போது எதற்கு? வேலூரில் படித்தேன். சில வருஷம் அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். குடித்துவிட்டு வருகிறவர்களைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிப்போடுவார்கள். அவர்கள் கத்தி ஓய்ந்ததும் அவிழ்த்து அனுப்புவார்கள். அடுத்த மாதம் அதே ஆட்கள் மறுபடி வருவார்கள். அதற்குப் பெயர் வைத்தியம்.

எழுபதுகளின் நடுவில், செங்கம் ரோட்டில் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் குடிநோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார்கள். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. அமலில் இருந்தது காகிதத்தில். காய்ச்சுகிறவன் காய்ச்சிக்கொண்டே இருந்தான், குடிக்கிறவன் குடித்துக்கொண்டே இருந்தான். இல்லத்துக்கு நர்ஸ் தேவை என்றார்கள். இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட விட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சேர்ந்தேன். அங்கேதான் டாக்டர் வரதராஜனைப் பார்த்தேன்.

அவர் பர்மாவில் பிறந்தவர். யுத்தத்தின்போது குடும்பத்தோடு காடு மலையெல்லாம் நடந்து இந்தியா வந்து சேர்ந்தவர். இதை அவர் சொன்னதில்லை, அவர் மனைவி சொன்னது. டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதாக இருந்தால் குரல் இன்னும் கம்மியாகிவிடும். அவர் என்ன சொல்கிறார் என்று நாம் கிட்டே போய்க் குனிந்து, காதைக் கொடுத்து அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளியோடு பேசும்போது நாற்காலியில் உட்கார மாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “சொல்லுங்க,” என்பார். லாரி கிளீனராக இருந்தாலும், மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் வாங்க போங்கதான். வீட்டில் பெற்ற தாயே ‘டேய் தண்ணி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள், அந்த ‘சொல்லுங்க’வைக் கேட்டதும் திருதிருவென்று விழிப்பார்கள்.

புதிதாக வருகிறவரை அவர் பரிசோதிக்கும் விதத்தை இந்தக் காலத்துப் பெண்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், வியர்வை இருக்கிறதா என்று நெற்றியில் புறங்கையை வைப்பார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளைப் படுக்க வைப்பார். சும்மா பார்த்தால் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். நேற்று வரை குடித்துக்கொண்டிருந்தவர் இன்றைக்கு நிறுத்தினால் உடம்பு சும்மா விடாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வலிப்பு வரலாம், ஜன்னி வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் ஆள் போய்விடுவார். அதனால் தாள் நடுங்குகிற வரைக்கும் ஊசி, மாத்திரை, கஞ்சி, தூக்கம். தியானம் என்ற பேச்சே கிடையாது.

“தாள் நிக்கட்டும் சிஸ்டர். அப்புறம் பாய் போடுங்க,” என்பார். இல்லத்தில் அதுதான் சட்டம்.

பாய் என்றால் உட்காரும் பாய். தாள் நின்றவர்களுக்கு மட்டும். சாயங்காலம், குடிக்கக் கை பரபரக்கிற நேரம் பார்த்து, சமையல்கட்டுக்குப் பின்பக்கம் வரிசையாகப் பாய் போடுவோம். எதிரே கரி படிந்த சமையல்கட்டுச் சுவர். திரும்பிப் போட்டால் மலை முழுசாகத் தெரியும். அவ்வளவு அழகான இடம். முதல் நாள் நான் மலையைப் பார்த்துத்தான் பாய்களைப் போட்டேன். டாக்டர் வந்தார், ஒவ்வொரு பாயாக அவரே திருப்பிப் போட்டார்.

“ஏன் சார்? மலையப் பாத்தா மனசு அடங்குமே,” என்றேன்.

“இந்த ஊர்க்காரங்க மலையப் பாத்து உக்காந்தா வேண்டிக்க ஆரம்பிச்சுடுவாங்க சிஸ்டர். இனிமே குடிச்சா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்னு சத்தியம் பண்ணுவாங்க. சத்தியம் பண்றவங்க மூச்சைப் பாக்க மாட்டாங்க. அந்தச் சுவத்துல வேண்டிக்க ஒண்ணும் இல்ல, பாருங்க. அது போதும்.”

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் அப்பா தினமும் சாமாயிகம் செய்வார். அசையாமல் ஒரு முகூர்த்த நேரம் உட்கார்ந்திருப்பது எங்கள் ஜைன வழக்கம். எதிரே சிலை வைத்துக்கொள்ள மாட்டார். நெல் கொட்டி வைத்திருக்கும் குதிரின் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். மாலை போட்டுக்கொள்கிறேன், கற்பூரம் அணைக்கிறேன், பிள்ளை தலையில் அடிக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு மாலையைக் கழற்றிய அன்றே சாராயத்துக்குப் போனவர்களை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

அவர் சொல்லிக்கொடுத்தது மிகவும் எளிது. கண்ணை முழுசாக மூட வேண்டாம், பாதி திறந்து சுவரின் அடியைப் பாருங்கள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைப் பாருங்கள். குடிக்க வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். விரட்டாதீர்கள், அதன் பின்னாலும் போகாதீர்கள். உடம்பில் எந்த இடத்தில் தோன்றுகிறது என்று மட்டும் பாருங்கள். தொண்டையிலா, வயிற்றிலா, கையிலா? அது ஏறும். ஏறி ஏறிப் பிறகு தானே இறங்கும். அது இறங்கும் என்பதை ஒரு தடவை சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டவனைக் கடைக்காரன் ஏமாற்ற முடியாது. இதைப் பர்மாவில் அவர் வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு பிக்கு சொல்லிக்கொடுத்தாராம். தியானம் என்றுகூடச் சொல்ல மாட்டார். ‘பாக்கறது’ என்பார்.

கோவிந்தன் என்று ஒரு பஸ் மெக்கானிக். வாட்டசாட்டமான ஆள். முதல் சாயங்காலம் பாயில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து, “சிஸ்டர், தொண்டையில எலி ஓடுது. நான் போறேன்,” என்று சட்டையை மாட்டினார். டாக்டர் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, “எலி மேல ஓடுதா, கீழ ஓடுதா?” என்று கேட்டார். கோவிந்தன் சட்டைப் பித்தானைப் பிடித்தபடியே நின்று யோசித்தார். “மேல ஓடுது... இப்ப நிக்குது... இன்னா சார் இது, காணோம்!” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் திரும்பவும் விழாமல் இல்லை. இரண்டு முறை வழுக்கி, இரண்டு முறையும் தானாகவே திரும்பி வந்தார். அதன் பிறகு வழுக்கவில்லை. நான் பஸ்ஸில் போகும்போது எங்காவது எதிர்ப்பட்டால், “எலி செத்துப்போச்சு சிஸ்டர்!” என்று ரோடு முழுக்கக் கேட்கக் கத்துவார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிற இடத்தில் மூக்கை நுழைக்க ஒருவர் வேண்டுமே. எங்களுக்குச் செயலாளர் சபாபதி வாய்த்தார்.

சபாபதி மோசமான மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் எரிச்சல். மண்டி வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு ஊருக்கு நல்லது செய்ய வந்தவர். மனதார நம்பினவர். நம்பிக்கை இருந்தால் படிக்க வேண்டாம், கேட்க வேண்டாம், பக்கத்தில் நிற்பவன் சொல்வது காதில் விழ வேண்டாம் என்று எண்ணியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் சாராயக்கடைகள் மறுபடி திறந்தபோது எங்களுக்குக் கூட்டம் ஜாஸ்தியானது. அதே சமயம் ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் இல்லத்தைப் பார்க்க வந்தார்கள். மலையடிவாரத்தில் குடிகாரர்கள் தியானத்தால் திருந்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள், ஊசியையும் வாந்திச் சட்டியையும் பார்த்தால் முகம் வாடிப்போவார்கள். கரிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இன்னும் வாடிப்போவார்கள்.

அந்த வாட்டம் சபாபதிக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், ஒரு போதைய விடறதுக்கு இன்னொரு போதையக் குடுக்கறோமே, இது நியாயமா? அருணாசலம் பக்கத்துல இருக்கறப்ப மாத்திரை எதுக்குங்க?” என்று ஆரம்பித்தார். டாக்டர் வழக்கம்போல் மெதுவாக ஏதோ பதில் சொன்னார். மெதுவாகச் சொன்ன பதில் சபாபதியின் காதில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, அவர் மெட்ராஸுக்குப் போக வேண்டி வந்தது. அவர் பஸ் ஏறிய மறுநாள் காலை சபாபதி மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பு அரைஞாணில் முடிந்துகொண்டார். பாய்களை மலைப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அன்றைக்குத்தான் ஏழுமலை வந்து சேர்ந்தார்.

ஏழுமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குடிக்கிற ஆள். மனைவி மல்லிகா கட்டட வேலையில் சித்தாள். சாந்துச் சட்டி தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி தேய்ந்திருந்தது. “எப்டியாச்சும் மாத்திக் குடுங்க சிஸ்டர். தெருவுல போறவன் வர்றவன்லாம் இவர எட்டி ஒதைக்கிறான். என் கண்ணால பாக்க முடில,” என்று சொல்லிவிட்டு, அவளும் அவரோடு இல்லத்திலேயே தங்கினாள்.

நான் தாளை வைத்தேன். தாள் காற்றில் பறப்பதுபோல ஆடியது. நேராகச் சபாபதியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன்.

“சிஸ்டர், ரெண்டு நாளு பொறுங்க. மருந்தே இல்லாம ஒரு ஆளு மாறினத நாம ஒலகத்துக்குக் காட்டணும்,” என்றார்.

“காட்டறதுக்கு இவரு இன்னா சினிமாவா? இவருக்கு ஜன்னி வரும் சார். உசுரு போயிடும்.”

“உசுரு நம்ம கையிலயா இருக்குது?” என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்றே போஸ்ட் ஆபீஸுக்குப் போய் டாக்டருக்குத் தந்தி கொடுத்தேன். திரும்பி வந்து மல்லிகாவிடம், “பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்மா, நானும் வரேன்,” என்றேன். அவள் வரவில்லை. ஏன் வரப்போகிறாள்? அங்கே போனால் கட்டிப்போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இங்கே செயலாளர் ஐயாவே அவள் கணவனுக்குத் தோளில் கைபோட்டு விபூதி பூசிவிடுகிறார். சர்க்கரையும் உப்பும் போட்ட தண்ணீரை மணிக்கொரு தரம் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. மறுநாளும் சாவி கேட்டேன். மறுநாளும் அதே பதில்.

அதற்கும் மறுநாள் காலை. ஏழுமலையைக் கண்ணை மூடச் சொல்லி மலையைப் பார்த்து உட்கார வைத்திருந்தார் சபாபதி. சுற்றிலும் பார்வையாளர்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வரும்போதே ஏழுமலை பாயிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். எறும்பு என்றார். அங்கே எறும்பு இல்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். அதற்குள் அவர் சட்டென்று தலையைத் தூக்கி, கண்கள் விரிய, மலையைப் பார்த்துக் கத்தினார்.

“வருதுங்க! ஜோதி வருது! அடேங்கப்பா, மல மொத்தமும் எரியுது! வராரு, எறங்கி வராரு!”

கைகளைக் குவித்தார். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஜன்னிக்காரனுக்குப் பாம்பு தெரியும், பூச்சி தெரியும், சுவர் நகரும். திருவண்ணாமலைக்காரனுக்கு ஜோதி தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் பயந்துபோய் வைத்தியனைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில், இல்லத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஆயாம்மா ஓடிவந்து தரையில் விழுந்து கும்பிட்டாள். பார்வையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் காமிராவை எடுத்தார். சபாபதியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

நான் ஏழுமலையின் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. நாடி எண்ண முடியாமல் ஓடியது.

“தொடாதீங்க சிஸ்டர்! அவருக்குத் தரிசனம் ஆவுது!” என்று தடுத்தார் சபாபதி.

“தரிசனம் இல்ல சார், ஜன்னி! சாவியக் குடுங்க!”

நான் போட்ட சத்தம் செங்கம் ரோடு வரை கேட்டிருக்கும். யாரும் அசையவில்லை. மல்லிகாவாவது கேட்பாள் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சிஸ்டர், எங்க வூட்டுக்காரர இதுவரிக்கும் ஒருத்தரும் கும்பிட்டதில்ல. கொஞ்ச நேரம் வுட்டுடுங்க சிஸ்டர்,” என்றாள்.

நான் விடவில்லை. சமையல்கட்டுக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அலமாரிப் பூட்டை உடைத்தேன். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நான் திரும்பும்போது வலிப்பு வந்துவிட்டது. தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாய்க்குள் நுரை. அப்போதுதான் கும்பிட்ட கைகளெல்லாம் கீழே இறங்கின. ஊசி போட்டேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வேனுக்கு ஆள் அனுப்பினோம். வேன் வந்து சேர்வதற்குள் இரண்டாவது வலிப்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், என் மடியில் தலை இருக்கும்போதே ஏழுமலை போய்விட்டார். ஒரு சாதாரண ஊசி. முதல் நாளே போட்டிருக்க வேண்டிய ஊசி.

டாக்டர் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வந்து இறங்கினார். அதற்குள் சபாபதி கூடத்துச் சுவரில் ஏழுமலையின் படத்தை மாட்ட ஏற்பாடு செய்துவிட்டார். அந்தக் காமிராக்காரர் எடுத்த படம். சந்தன மாலை, கீழே ‘அண்ணாமலையில் கலந்தவர்’ என்று எழுத்து. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை முறைத்துப் பார்த்திருக்கிறேன். மலை தெளிவாக இருக்கும். முகம் தெளிவாக இருக்கும். குவித்த கைகள் மட்டும் கலங்கியிருக்கும்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் சபாபதி எழுந்து, நடந்தது மோட்சம், யாரும் வருந்த வேண்டாம் என்று அரைமணி நேரம் பேசினார். டாக்டரின் முறை வந்தது.

“அது ஜன்னி,” என்றார். ராஜினாமா என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு தடவையாவது அவர் கத்தியிருக்கலாம். மேஜையைத் தட்டியிருக்கலாம். அவர் ரொம்ப நல்லவர், எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர், ஆனாலும் அந்த ராஜினாமாவை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. நல்லவர்கள் கௌரவமாக வெளியே போய்விடுகிறார்கள். சாவியோடு உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்து, என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “நீங்க இருங்க சிஸ்டர்,” என்றார். பஸ் ஏறிவிட்டார்.

நான் இருந்தேன். பூட்டை உடைத்தவளை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று சபாபதி சொல்லிப் பார்த்தார். போலீஸுக்கு நான் என்ன சொல்வேன் என்ற பயம் அறக்கட்டளையில் மற்றவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு பேசினேன். மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். தாள் நிற்காமல் பாய் இல்லை. பாய் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்துத்தான். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். புதிதாக ஓர் இளம் டாக்டர் வந்தார், அவரும் அதை மாற்றவில்லை. படத்தைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

மாதம் திரும்புவதற்குள் மல்லிகா வந்தாள். படத்துக்குக் கீழே நின்று நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, “சிஸ்டர், அவரு நெஜமாவே சாமியத்தான பாத்தாரு?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரே சொன்னது. என்னால் முடியவில்லை.

“இல்லம்மா. அது ஜன்னி. மருந்து போட்டிருந்தா இன்னிக்கு உன்கூட இருந்திருப்பாரு.”

என் மேல் பாய்ந்து புடவைத் தலைப்பைப் பிடித்து உலுக்கினாள். “அவர சாமியாக்கி வெச்சிருக்காங்க. நீ குடிகாரனாவே சாவடிக்கிறியே! நீ நல்லா இருப்பியா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஆயாம்மா அவளைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அந்தப் பொய்யைக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் மேல் வந்த கோபத்தில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இதைப் படிக்கும் இளம் நர்ஸுகளுக்கு: உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வது சரிதான். பாயில் உட்கார வையுங்கள், மூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள், எலி எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். அது வேலை செய்யும். ஆனால் அது வைத்தியத்துக்குத் துணை. வைத்தியத்தின் நாற்காலியில் அதைத் தூக்கி உட்கார வைப்பவன் எவனாக இருந்தாலும், எவ்வளவு விபூதி பூசியிருந்தாலும், எத்தனை பட்டம் போட்டிருந்தாலும், முதலில் அவனிடமிருந்து சாவியைப் பிடுங்குங்கள்.

மல்லிகா மறுபடி வந்தது சில வருஷங்களுக்குப் பிறகு. ஒருவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தம்பி. அவனும் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கட்டிலில் அவனைப் படுக்க வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அந்தப் போட்டோவ ஊட்லயும் ஒண்ணு மாட்டியிருக்கேன் சிஸ்டர். தெனம் பூ வெப்பேன். மல தெரியுது, மூஞ்சி தெரியுது, கை மட்டும் இன்னாத்துக்குக் கலங்கியிருக்குதுனு ரொம்ப நாளு பாத்துக்கினே இருந்தேன். மொத நாளு நீங்க அவரு கையில ஒரு தாளு வெச்சீங்களே, அது ஞாபகம் வந்துச்சு.” தம்பியின் கையைத் தூக்கிப் பிடித்து, “அந்தத் தாள எடுங்க சிஸ்டர்,” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். தம்பியின் விரல்களை அவளே விரித்து, அவளே வைத்தாள். தாள் படபடவென்று அடித்தது. மருந்து ஆரம்பித்தோம். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் வந்து, சாந்து காய்ந்த கையால் அந்தத் தாளை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அப்படி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சபாபதி வந்தார். வயதாகியிருந்தது, விபூதி குறையவில்லை. மல்லிகாவை அடையாளம் கண்டு உருகிப்போனார்.

“உன் தம்பியாம்மா? நம்ம ஏழுமலையோட ஆசி இருக்குது இவனுக்கு. இவனை வெளிய இட்டாந்து மலையப் பாத்து உக்கார வையி. எல்லாம் சரியாப் போயிடும்,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா திரும்பினாள். தம்பியின் கையை மட்டும் விடவில்லை. தாளின் ஓரம் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“மல எங்கியும் போவாது சார்,” என்றாள். “மொதல்ல இவன் கையப் பாருங்க.”